நடுப்பெட்டியில் போட்ட நானூறு

அந்தக் கல்லூரியின் கணினி ஆய்வகத்தில் பெரியவளுக்குப் பதினோரு வருடப் பொறுப்பு. சாவிக்கொத்து எப்போதும் அவள் கையில்தான். எந்தக் கம்பி எந்தச் சுவருக்குப் பின்னால் ஓடுகிறது என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லிவிடுவாள். இணைய விளையாட்டுகளுக்கு வேண்டிய நெட்வொர்க் வேலைகளைப் பற்றி வருடத்துக்கு ஒருமுறை அங்கே ஒரு பயிலரங்கு நடக்கும். ஆறு வருடமாக அதை இழுத்துக்கொண்டு போனவள் அவள்தான். கட்டுரை அனுப்பியவர்களுக்குப் பதில் போடுவது, வெளியூர்க்காரர்களுக்கு அறை பிடிப்பது, மேடையேறி மைக்கைத் தட்டிப் பார்ப்பது, எல்லாமே அவள் தலையில்.

அந்த வருடம் அவளுடைய ஓரகத்தி, கொழுந்தன் மனைவி, டாக்டர் பட்டத்தோடு அதே துறைக்கு விரிவுரையாளராக வந்தாள். வீட்டில் அவள் பெயர் சின்னவள். வந்து எட்டு மாதம் ஆகவில்லை, பயிலரங்குக்கு ஒருங்கிணைப்பாளர் அவள்தான் என்று துறைத்தலைவர் சொல்லிவிட்டார்.

அழைப்பிதழ் அச்சாகி வந்தது. சின்னவள் பெயர் மேலே கொட்டை எழுத்தில். பெரியவள் பெயர் கடைசிப் பக்கத்தில், நன்றி சொல்லும் இடத்தில், குடிதண்ணீர் கொண்டுவருகிறவருக்கு அடுத்து.

"உன் பேரைத் தேட பூதக்கண்ணாடி வேணும் போலிருக்கே" என்றார் புருஷன்.

"உங்க தம்பி பொண்டாட்டி பேரு தெரியுதில்ல? அதையே படிச்சு சந்தோஷப்படுங்க" என்று அழைப்பிதழைப் பிடுங்கிக்கொண்டாள். அன்றைக்கு முழுவதும் அவள் வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? ஆறு வருடம் என்பது லேசான காலமா?

பயிலரங்கில் எல்லோரும் காத்திருப்பது செயல்விளக்கத்துக்குத்தான். இரண்டு அறைகளில் இரண்டு பேர் உட்கார்ந்து ஒரே கார் பந்தயத்தை விளையாடுவார்கள். நடுவில் ஒரு பெட்டி. ஆயிரம் மைல் தள்ளியிருப்பவன் விளையாடினால் சேதி எவ்வளவு தாமதமாக வந்து சேருமோ, அவ்வளவு தாமதத்தை அந்தப் பெட்டி உண்டாக்கும். தாமதம் கூடினால் வண்டி திரையில் தவளை மாதிரி தாவும். தாவாமல் ஓட வைப்பதற்குத்தான் இத்தனை பேருடைய படிப்பும். விளக்கம் காட்டுகிறவர் அந்தப் பெட்டியைத் தொடக் கூடாது, ஆய்வகப் பொறுப்பாளர்தான் எண்ணைப் போட வேண்டும் என்பது அங்கே ஆரம்பத்திலிருந்தே உள்ள வழக்கம்.

வண்டி தாவாமல் ஓட ஒரு வழியைத் தானே எழுதி, சின்னவளும் ஒரு பந்தயம் தயார் செய்திருந்தாள். வெளிப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பேராசிரியர் வருகிறார், அவருக்குப் பிடித்துவிட்டால் பெரிய மாநாட்டில் அவளுக்கு இடம் உறுதி.

"அக்கா, நாப்பது மில்லி செகண்ட் போட்டா போதும்" என்று காலையில் சொல்லிவிட்டுப் போனாள்.

பெரியவள் நாற்பதுதான் போட்டாள். பிறகு வாசலில் சின்னவள் பூங்கொத்தோடு போட்டோவுக்கு நிற்பதைப் பார்த்தாள். திரும்பிப் போய் ஒரு சைபரைச் சேர்த்தாள். நானூறு. அவளைப் பொல்லாதவள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஒரே ஒரு நாள் அந்த வண்டி தவளை மாதிரி தாவட்டும் என்று நினைத்தாள், அவ்வளவுதான்.

பந்தயம் தொடங்கியது. பெரியவள் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். இரண்டு வண்டிகளும் வளைவில் திரும்பின. தாவவில்லை. பாலத்தில் ஏறின. தாவவில்லை. எண்ணெய் விட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடின. பெரியவள் கட்டிய கையை அவிழ்த்துவிட்டு எட்டிப் பார்த்தாள். இப்படி ஒன்றை ஆறு வருடத்தில் அவள் பார்த்ததில்லை.

பேராசிரியர் காலை நீட்டிக்கொண்டு சின்னவளிடம் கேட்டார். "எவ்வளவு தாமதம் வச்சிருக்கீங்கம்மா?"

"நாப்பது சார்."

"நாப்பதா? இதைக் காட்டவா என்னை இவ்வளவு தூரம் வரவழைச்சீங்க? எங்க முதல் வருஷப் பிள்ளைங்களே செஞ்சிடுவாங்களே."

அரங்கம் சிரித்தது. சின்னவள் முகம் சுண்டிப்போனது. பெரியவள் ஆசைப்பட்ட முகம் அதேதான். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், எல்லாம் முடிந்துவிடும். ஆனால் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று விழுங்க அவளால் முடியவில்லை. அதோடு, சின்னவளைப் பார்த்துச் சிரிக்க இவர் யார்?

"நாப்பது இல்ல சார். நானூறு."

எல்லாத் தலைகளும் திரும்பின.

"நாப்பதுதானே அக்கா சொன்னேன்?" என்றாள் சின்னவள்.

"நீ நாப்பதுதான் சொன்ன. நான்தான் நானூறு போட்டேன். தாங்குதான்னு பாக்க."

பேராசிரியர் எழுந்து போய்ப் பெட்டியை அவரே பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார். பிறகு கை தட்டினார். அரங்கமே தட்டியது. மாநாட்டில் இடம் அங்கேயே உறுதியாகிவிட்டது. சின்னவள் மைக்கைப் பிடித்து, "அக்காவாலதான் இது" என்று வேறு சொல்லிவைத்தாள். பெரியவளுக்கு அந்தக் கைதட்டல் ஒவ்வொன்றும் முதுகில் விழுந்த மாதிரி இருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு இருவரும் கம்பி சுருட்டினார்கள்.

"நிஜமா எதுக்குக்கா நானூறு போட்டீங்க?"

"உன் வண்டி கவுறணும்னு."

சின்னவள் சுருட்டுவதை நிறுத்தவில்லை. "நெனச்சேன். எனக்கும்தான் காலையில இருந்து எரிச்சல். வந்தவங்க ஒருத்தர் பாக்கியில்லாம 'பெரிய மேடம் எங்க, பெரிய மேடம் எங்க'ன்னுதான் கேட்டாங்க. நான் வாசல்ல பூவோட பொம்மை மாதிரி நிக்கிறேன், என்னைத் தாண்டிப் போறாங்க."

"எத்தனை பேர் கேட்டாங்க?"

"எண்ணிக்கிட்டா இருப்பேன்? ஒரு இருபது பேர் இருக்கும்."

பெரியவள் அதை வைத்து வைத்து ரசித்தாள். முகத்தில் மட்டும் காட்டவில்லை.

"அடுத்த வருஷம் என் பேரு மேல வரணும்" என்றாள்.

"என் பேருக்குப் பக்கத்துலயா?"

"உன் பேருக்கு மேல."

"அது நடக்காதுக்கா." சின்னவள் கையை நீட்டினாள். "சாவியக் குடுங்க, இன்னிக்கு நான் பூட்டறேன்."

"அதுவும் நடக்காது" என்று பெரியவளே கதவைப் பூட்டி, இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு முன்னால் நடந்தாள்.