கை தூக்கிய சொந்தக்காரர்

போன மாதம் இந்தப் பத்தியில் கொஞ்சம் பெருமையடித்துக்கொண்டேன். அரசாங்கப் பாரம் எதுவானாலும் எழுதுங்கள், நிரப்பும் வழி சொல்கிறேன் என்று. அதற்கான தண்டனை தெஹியோவிட்டவிலிருந்து தபாலில் வந்தது.

எழுதியவர் அங்கே பலசரக்குக் கடை வைத்திருக்கும் காசிம் நானா. இந்தப் பத்தியின் பழைய வாசகர். பிழை கண்டால் மட்டும் எழுதுவார். இந்த முறை பிழை எதையும் சொல்லவில்லை. "ஒரு பாரம் இருக்கு. தபாலில் நிரப்ப ஏலாது. நேரில் வந்தால்தான் உங்களுக்கும் விளங்கும்" – அவ்வளவுதான் கடிதம்.

செவ்வாய்க்கிழமை போனேன். அவிசாவளையில் பஸ் மாறி, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே பயணம். பாதி மரங்களில் பால் பிடிக்கும் சிரட்டைகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். பால் வெட்டு நின்றுவிட்டது என்று அர்த்தம். ரப்பர் விலை விழுந்தால் முதலில் கவிழ்வது சிரட்டை. அடுத்துக் கவிழ்வது யார்?

அவர் நானாவின் கடையில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். பெயர் கருப்பையா. பக்கத்துத் தோட்டத்தில் இருபத்திரண்டு வருஷமாகப் பால் வெட்டுகிறவர். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை – ஊருக்குப் போகத் தைத்ததாம். பக்கத்தில் அவர் மனைவி பேச்சியம்மா. கணவருக்கு முதுகைக் காட்டித் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"வீட்டுக்காரர் வந்திருக்கார்... நாற்காலி போடணும்" என்றார் நானா.

"சும்மா இரு நானா" என்றார் கருப்பையா.

இந்தக் கேலிக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறது.

மதுரை ஜில்லாவில் ஒரு சிறிய முனிசிபல் ஊரில், பாட்டன் வழி மனையில், கருப்பையா ஓட்டு வீடு ஒன்று கட்டினார். இங்கே வந்த புதிதில் சேர்த்த காசு. மனைக்குப் பத்திரம் கிடையாது. அந்தத் தெருவில் யாருக்குமே கிடையாது. முனிசிபல் வரிப் புத்தகத்தில் இருக்கும் பெயர்தான் பத்திரம். வீட்டை சங்கிலி என்ற எண்ணெய்க் கடைக்காரருக்கு வாடகைக்கு விட்டுவிட்டுத் தோட்டத்துக்குத் திரும்பினார். வாடகை மணியார்டரில் நானாவின் கடை முகவரிக்கு வரும். வருஷம் தவறாமல் வந்தது. ஆள் யோக்கியன்தான் என்று யாருக்கும் தோன்றும்.

போன மாதம் ஒரு காலை, வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் ஆட்கள் வரிசையாக நின்றபோது, துரை கங்காணியிடம் ஏதோ சொன்னார். கங்காணி திரும்பிக் கேட்டார்: "ஊர்ல வீடு வாசல் உள்ளவங்க யாரு? கையத் தூக்குங்க!"

எதற்குக் கேட்கிறார்கள் என்று யாரும் யோசிக்கவில்லை. வீடு இருப்பது கௌரவம் அல்லவா? முதலில் உயர்ந்த கை கருப்பையாவினுடையது.

"கேட்டு முடிக்கல, ஐயா. அதுக்குள்ள கை மேல போயிருச்சு" என்றார் பேச்சியம்மா, தெருவைப் பார்த்தபடியே.

மந்த காலத்தில் ஆள் குறைக்க வேண்டும். போக்கிடம் உள்ளவர்களை முதலில் அனுப்புவது நியாயம் – இது தோட்டத்துக் கணக்கு. கை தூக்கியவர்களின் பெயரை அன்றைக்கே செக்ரோல் என்ற ஆள் பதிவேட்டில் வெட்டினார்கள். ஒரு மாத நோட்டீஸ். ஊர் போய்ச் சேர இலவசப் பயணம். வேலையை விட்டதற்கு அடையாளமாகப் பற்றுச்சீட்டு. இந்தச் சனிக்கிழமை, தோட்டம் கொடுத்த லயத்து அறையைக் காலி செய்ய வேண்டும்.

கருப்பையா அப்போதும் கலங்கவில்லை. நானாவைக் கொண்டு சங்கிலிக்கு எழுதினார்: நாங்கள் வருகிறோம், வீட்டை ஒழித்துக் கொடுங்கள். பதில் சீக்கிரமே வந்தது. எந்த வீட்டைக் கேட்கிறீர்கள் என்று தெரியவில்லை, நான் குடியிருப்பது என் சொந்த வீடு, வரி ரசீது என் பெயரில் இருக்கிறது, க்ஷேமம்.

"வரி யார் கட்டினது?" என்று கேட்டேன்.

"நான்தாங்க, ஐயா! வருஷா வருஷம் சங்கிலி வாடகையில புடிச்சுக்குவாப்ல. வரி போக மிச்சம்னு காயிதத்துல எழுதியே அனுப்புவாப்ல."

"ரசீது வாங்கிப் பார்த்தீங்களா?"

"ரசீதுங்களா?" அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "இங்க எதுக்குங்க ரசீது குடுத்தாங்க? அரிசிக்குப் புடிச்சாங்க, கம்பளிக்குப் புடிச்சாங்க, டோபிக்கு, நாவிதனுக்கு, கோயில் திருவிழாவுக்குப் புடிச்சாங்க. புடிச்சா கட்டியாச்சுன்னு அர்த்தம். நாங்க எங்க போயி எதைக் கட்டுனோம்?"

இருபத்திரண்டு வருஷம் ஒரு மனிதனுக்கு எல்லாவற்றுக்கும் பிடித்துக்கொண்டுதான் சம்பளம் கைக்கு வந்திருக்கிறது. கட்ட வேண்டியதைத் தானே போய்க் கட்ட வேண்டும், அதற்கு முன் தானே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

சங்கிலி வரியில் ஒரு காசு ஏமாற்றவில்லை. ஒழுங்காகக் கட்டியிருக்கிறார் – கருப்பையாவின் வாடகையில் பிடித்து. ஆனால் வரிப் புத்தகத்தைத் திருத்தி எழுதும்போதெல்லாம் முனிசிபாலிட்டி வீடு வீடாக ஒரு பாரம் அனுப்பும். சொந்தக்காரர் யார், குடியிருப்பவர் யார், வாடகை என்ன? கடல் தாண்டி இருக்கிறவரும் சொல்லியாக வேண்டும். பாரம் அந்த வீட்டு வாசலுக்கு வந்தது. வாசலில் இருந்தவர் நிரப்பினார். சொந்தக்காரர்: சங்கிலி. குடியிருப்பவர்: சங்கிலி. வாடகை: இல்லை.

பணம் கருப்பையாவுடையது. எழுத்து சங்கிலியுடையது. சர்க்கார் எப்போது பணத்தைப் படித்திருக்கிறது? எழுத்தைத்தான் படிக்கும்.

பேச்சியம்மா முதல் தடவையாக எங்கள் பக்கம் திரும்பினார். "பெரட்டுல அந்தத் தூக்குத் தூக்குனாரே கைய... அந்தக் கைய ஒரு காயிதத்துல வெச்சிருந்தா போதும்."

கருப்பையா தன் வலது கையைப் பார்த்துக்கொண்டார். பால் கத்தி பிடித்துக் காய்த்த கை.

நானா பேச்சை மாற்றினார். "சரி, பாரத்தைப் பாருங்க." முனிசிபாலிட்டிக்கு அவர் எழுதிப் போட்டதற்கு வந்த பதில் அது. சங்கிலி எழுதிக் கொடுத்த விவரமும் அதில்தான் இருந்தது. ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளுக்குள் நிரப்பி அனுப்பவும். விசாரணைக்கு நேரில் வரவும்.

பேனாவைத் திறந்தேன். பெயர் – எழுதினேன். தகப்பன் பெயர் – எழுதினேன். முன்பு கொடுத்த பாரங்களின் நகல் – இல்லை. வாடகை ஒப்பந்தம் – இல்லை. சங்கிலி வாடகைக் கணக்கு எழுதிய காகிதங்கள் – ஒன்றுகூட எடுத்து வைக்கவில்லை. பக்கத்து வீட்டு சாட்சி – அங்கே போய்த்தான் தேட வேண்டும், இத்தனை வருஷத்தில் யார் மிச்சமோ. அடுத்தது: சொந்தக்காரர் தற்சமயம் வசிக்கும் இடம்.

அங்கே பேனா நின்றது.

"லயத்த எழுதலாங்களா?" என்றார் கருப்பையா.

"சனிக்கிழமை அந்த அறைக்கு வேற ஆள் வந்துருவான்" என்றார் நானா.

"அப்ப ஊர் வீட்ட எழுதுங்க."

"அதை எழுதினா பதில் தபால் சங்கிலி கைக்குத்தான் போகும்."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். எந்தப் பாரமானாலும் எழுதுங்கள் என்று சொன்னவன் நான்தானே!

"கப்பல்னு எழுதுங்கய்யா" என்றார் பேச்சியம்மா. "சனிக்கிழமைக்கப்புறம் எங்க ரெண்டு பேரையும் ஏத்திக்கிற எடம் அது ஒண்ணுதான்."

கடைசியில் நானாவின் கடை முகவரியையே எழுதினேன். பதில் இங்கே வரும்போது கேட்டவர் அங்கே இருப்பார். எனக்கு அது தெரியும். நானாவுக்கும் தெரியும். கருப்பையா விரலில் மை தடவி, நிதானமாக ரேகை வைத்தார். பிறகு, "இதுக்கும் ஏதும் புடிப்பாங்களா, ஐயா?" என்று கேட்டார்.

நான் இல்லை என்றேன். ஸ்டாம்பு நானா ஒட்டினார்.

வீடு திரும்பியதும் என் மேஜையைத் திறந்தேன். எனக்கும் கும்பகோணத்தில் வாடகைக்கு விட்ட வீடு ஒன்று உண்டு. இங்கே புதிதாக வந்திருக்கும் வருமான வரி அந்த வாடகையையும் கேட்கிறது. அந்தப் பாரம் மூன்று வாரமாக என் மேஜைக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. சொத்து, வாடகை, வசிக்கும் இடம்... எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. நாலு நிமிஷம் பிடித்தது. அங்கே கட்ட வேண்டியதைப் பார்த்துக்கொள்ள வக்கீல் குமாஸ்தா இருக்கிறார். ஆனாலும் ரசீதுகளை எனக்கு அனுப்பச் சொல்லி அவருக்கும் ஒரு கார்டு எழுதிப் போட்டேன். இத்தனை வருஷம் நானும் கேட்டதில்லை.

கருப்பையாவும் பேச்சியம்மாவும் இதை நீங்கள் படிக்கும்போது கப்பல் ஏறத் தலைமன்னாரில் இருப்பார்கள். வெள்ளைச் சட்டைக்குக் குறைவில்லை. இறங்கியதும் எந்தத் தெருவுக்கு நடப்பது என்பது மட்டும்தான் அவர்களுக்குத் தெரியாது.

தோட்டங்களில் இந்தப் பத்தியை யாராவது உரக்கப் படிக்கக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஊரில் வீடு இருந்தால் முனிசிபாலிட்டிக்கு எழுதுங்கள் – பெரட்டில் மட்டும் கையைத் தூக்காதீர்கள்.