மனித உபயோகத்துக்கு அல்ல

போன ஆடி மாதம் நடந்தது இது. கேரள எல்லைக்குள், பாறசாலையிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் வழியில் எங்கள் ஊர். என் தம்பி கடலுக்குப் போகிறவன். வலை இழுத்து இழுத்து வலது தோளில் தசைநார் கிழிந்துவிட்டது. ஆபரேஷன் செய்ய வேண்டும், அதற்குப் பிறகு பல மாதம் கடல் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவனை வீட்டில் உட்காரச் சொல்வதும் உயிரை விடச் சொல்வதும் ஒன்றுதான்.

அப்போதுதான் நெய்யாற்றின்கரையில் ஜிம்முக்குப் போகும் சிநேகிதன் ஒருவன் அவனை ஏதோ செல்போன் குழுவில் சேர்த்துவிட்டான். பெப்டைட் என்று ஓர் ஊசியாம், கிழிந்ததை ஒட்டவைத்துவிடுமாம். எங்கள் சந்துக்குக் கூரியர்க்காரர் வரமாட்டார். அதனால் தமிழ்நாட்டுப் பக்கம் களியக்காவிளையில் உறவுக்காரர் கடை முகவரிக்கு வரவழைத்தான். எல்லைக்கு அந்தப் பக்கம் பார்சல் வாங்கி இந்தப் பக்கம் கொண்டுவருவது எங்களுக்குப் பழக்கம்தான். சின்னச் சின்னக் குப்பிகளில் வெள்ளைத் தூள். ஆராய்ச்சிக்கு மட்டும், மனித உபயோகத்துக்கு அல்ல என்று லேபிளில் ஆங்கிலத்தில் இருந்தது. நான் படித்துக் காட்டினேன். சிரித்தான்.

"அக்கா, இது மெடிக்கல் ஸ்டோருல கிட்டுற சாதனம் இல்ல. ரிசர்ச்சுக்கு உள்ளதாக்கும். சயின்டிஸ்ட்டுமாரு எடுக்கதுன்னா எவ்வளவு நல்லதாட்டு இருக்கும்!"



ஃப்ரிட்ஜில் மீன் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தான். தானே தண்ணீர் கலந்து தானே தோளில் குத்திக்கொண்டான். முதலில் வலி குறைந்தது உண்மை. கையைத் தூக்கிக் காட்டி என்னைக் கேலி செய்தான், எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு காய்ச்சல் வந்தது. தோள் சிவந்து வீங்கி, சட்டை பட்டாலே அலறினான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரின் முதல் கேள்வி, அதில் என்ன இருந்தது என்பதுதான். லேபிளைக் காட்டினேன். பெயர் இருக்கிறது, உள்ளே அதுதான் இருக்கிறதென்று யார் பார்த்தது என்றார். மனிதர்களுக்குக் கொடுக்க அனுமதியே இல்லாத பொருள், சுத்தமாகச் செய்தார்களா என்று சோதிக்கவும் யாரும் இல்லை என்றார். மூட்டுக்குள் சீழ். திறந்து கழுவினார்கள், மறுபடியும் திறந்தார்கள். உயிர் பிழைத்தான். கை மட்டும் மேலே வரவில்லை.

மிச்சமிருந்த குப்பியைப் பையில் வைத்துக்கொண்டு மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகங்களுக்கு அலைந்தேன். பார்சல் வந்தது தமிழ்நாட்டு முகவரிக்கு, அங்கே போங்கள் என்றார்கள் இங்கே. ஊசி போட்டது கேரளத்தில் என்றார்கள் அங்கே. ஒருவர் மட்டும் உட்காரவைத்துப் பரிவாகப் பேசினார். மருந்து என்று சொல்லியே விற்கவில்லையே அம்மா, மனிதருக்கு வேண்டாம் என்று எழுதித்தானே விற்றிருக்கிறான், பில்லும் இல்லை, முகவரியும் இல்லை, யார்மேல் வழக்குப் போடுவது என்று கேட்டார். அந்தக் குழுவும் அதற்குள் காணாமல் போயிருந்தது. பஸ்ஸில் வரும்போது வாய்விட்டு அழுதேன்.

வீட்டுக்கு வந்தால், தம்பியோடு ஒரே வள்ளத்தில் போகிற கூட்டாளி பழம் வாங்கிக்கொண்டு அவனைப் பார்க்க வந்திருந்தான். கிளம்பும்போது அடுக்களை வாசலில் நின்று மெல்லக் கேட்டான்.

"அக்கா, அந்தக் குப்பி மிச்சம் உண்டா? எனக்கும் தோளு வய்யா, ஒரே வலி. அவனுக்கு ஒத்துக்கிடல்ல, எனக்கு ஒத்துக்கிடும்."

வாயில் வந்தபடியெல்லாம் திட்டினேன். அவன் கோபப்படவில்லை. "வலை இழுக்கணும்லா அக்கா. வாறேன்" என்று போய்விட்டான். வேறு எங்காவது வாங்கிவிடுவான் என்று எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் தம்பி இடது கையால் வலது கையைத் தாங்கித் தூக்கி சிலுவை போடுகிறான். நெற்றிவரை எட்டாமல் நெஞ்சோடு நின்றுவிடுகிறது. பெண்கள் பக்கமிருந்து பார்க்கிற எனக்கு ஜெபமே வருவதில்லை. அதில் என்ன இருந்தது என்ற கேள்வி மட்டும்தான் வருகிறது, அதற்குப் பதில் சொல்ல எல்லைக்கு இந்தப் பக்கமும் ஆள் இல்லை, அந்தப் பக்கமும் ஆள் இல்லை.