அத்தையின் மேல்ஸ்தாயி

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. திண்டிவனத்தில் எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவில் பாடிக்கொண்டிருந்தவளைக் கன்னியாஸ்திரி ஒருவர் சென்னைக்கு அனுப்பி மேற்கத்திய சங்கீதம் படிக்க வைத்தார். சொப்ரானோ என்பார்கள், பெண்குரல் எட்டக்கூடிய ஆக உயரமான இடம். படித்துத் திரும்பியவள் ஒரு மெல்லிசைக் குழுவில் சேர்ந்து, சினிமா மெட்டில் தொடங்கி அந்த உயரத்துக்கு ஏறிப் பாட ஆரம்பித்தாள். கல்யாண மேடையில் பாடுகிறவள் பூசையில் பாடக் கூடாது என்று கோயிலில் நிறுத்திவிட்டார்கள். கல்யாண வீடுகளிலோ, இந்தப் பெண் ஏன் இப்படிக் கத்துகிறது என்றார்கள். அப்பா அவளோடு பேசுவதையே விட்டிருந்தார். அவள் இரண்டு பாட்டையும் விடவில்லை.

நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது, முகையூர்ப் பக்கம் அம்மாவின் ஊரில் மாதா திருவிழா. தேர் சுற்றி வந்ததும் அத்தை குழுவின் மெல்லிசைக் கச்சேரி. வேண்டாவெறுப்பாக வந்திருந்த அப்பா, நாற்காலியைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

அத்தை துள்ளலான மெட்டு ஒன்றை எடுத்தாள். சிறுவர்கள் ஆடத் தொடங்கினார்கள். தாளம் ஓயும் முன்பே லத்தீன் மாதா பாட்டுக்குத் தாவினாள். திருவிழாக் கமிட்டித் தலைவர் மேடையேறினார்.

“இன்னாமா இது, மாதா பாட்டைக் கொண்டாந்து குத்துப்பாட்டுல கலந்துக்கினு? எறங்கு.”

அத்தை பாடியபடியே, கொஞ்சம் பொறுங்கள் என்று கையைக் காட்டினாள். அதுதான் அவரைச் சுட்டிருக்க வேண்டும். மைக்செட்டுக்காரரைப் பார்த்துத் தலையசைத்தார். ஒலிபெருக்கி அடங்கியது; வாத்தியக்காரர்களும் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

அத்தை நிறுத்தவில்லை. மைக் பிறப்பதற்கு முன்பே பிறந்த பாட்டுமுறை அது, பெரிய அரங்கின் கடைசி வரிசைக்கும் வெறும் குரலையே கொண்டுசேர்க்கப் பழகியவள் அவள் என்பதெல்லாம் கமிட்டிக்குத் தெரியாது. குரல் எங்கள் தலைகளைத் தாண்டிப் போயிற்று. ஓரத்தில் மல்லாட்டை விற்றவர் கடலை அளந்த படியைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டார்.

“மைக்கப் போடுங்கய்யா, ஜல்தி,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள்.

தலைவர் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு, தானே மனமிரங்கியவரைப் போலக் கையசைத்தார். மைக் கரகரத்து உயிர்பெற்றது. அத்தை அதைத் தாங்கியோடு நகர்த்தி ஓரமாக வைத்தாள். மேடையின் விளிம்புக்கு வந்து நின்று கடைசி வரி வரைக்கும் பாடினாள்.

இறங்கியதும் தலைவர் சொன்னார்: “இனிமே இந்த ஊர்ல உன்னக் கூப்பிட மாட்டோம்.”

“கூப்பிடாட்டிப் போங்க. நான் பாடிக்கினுதான் இருப்பேன்.”

அப்பா தண்ணீர் பாட்டிலோடு எழுந்து வந்தார். “குடிம்மா,” என்றார். அன்றைக்கு அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

இப்போது அத்தை கடல் கடந்து போய்ப் பெரிய வாத்தியக் குழுக்களோடு பாடுகிறாள். லத்தீனும் நம் மெட்டும் ஒரே பாட்டில்தான் வருகின்றன. அந்த ஊர்க் கமிட்டி மட்டும் சொன்ன சொல் தவறாமல் இருக்கிறது.

எனக்கு அன்று மைக்செட்டுக்காரர் மீதுதான் கோபம். பழுதான மைக்கைக் கொடுத்துவிட்டார், அதனால்தான் அத்தை அதை ஒதுக்கி வைத்தாள் என்று பள்ளியில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.