கோயம்பேடு போய்த் திரும்பிய மூட்டை

போன வருடம் புரட்டாசி மாதம் நடந்தது இது. உத்திரமேரூரிலிருந்து மானாம்பதிக்குப் போகிற வழியில் இருக்கிறது எங்கள் ஊர். கிணற்றுப் பாசனத்தில் ஒரு ஏக்கர் கத்திரி போட்டிருந்தோம். புரட்டாசி பிறந்தால் பாதிப் பேர் கறி மீனை விட்டுவிடுவார்கள், காய்கறிக்கு ராஜமரியாதை வந்துவிடும். அந்த மாதம் கத்திரிக்காய் விலை நன்றாக ஏறியிருந்தது.

எங்கள் ஊரில் காய் போடுகிற பல வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். வரப்போரமாக ஒரு பாத்தியை மட்டும் மருந்து அடிக்காமல் விட்டுவிடுவோம். அது வீட்டுச் சமையலுக்கு. மற்றதெல்லாம் புழுவுக்கு மருந்து அடித்து, மூட்டை கட்டி, வண்டி ஏற்றிக் கோயம்பேட்டுக்கு அனுப்புவோம். அதை யார் வாங்குகிறார்கள், யார் சாப்பிடுகிறார்கள் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. மெட்ராஸ்காரர்கள் என்று எங்கேயோ ஒரு கூட்டம் இருக்கிறது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மருந்து அடித்தால் ஒரு வாரமாவது விட்டுத்தான் பறிக்க வேண்டும் என்று கடைக்காரர் சொல்லித்தான் கொடுப்பார். விலை ஏறுகிறபோது அவர் சொன்னது எங்களுக்கு ஞாபகம் வராது.

என் மகள் ஒரகடம் பக்கத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். விடியற்காலையில் கம்பெனி பஸ் ஊர் முனைக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகும். எங்கள் நிலத்தில் காய் பறிக்க வருகிற பெண் ஒருத்தி உண்டு, ஊர்க்கோடியில் இருக்கிற இருளர் குடியிருப்பைச் சேர்ந்தவள். அவளுடைய மகளுக்கும் அதே கம்பெனி, அதே பஸ். இரண்டு பேரும் ஒன்றாகப் போய் ஒன்றாக வருவார்கள்.

வீட்டில் கத்திரிக்காய் செய்தால் என் மகள் தட்டைத் தள்ளிவிடுவாள். "கேன்டீன்லதான் டெய்லி அதையே துன்னுக்கினு கீறோம், இங்கயுமா?" என்பாள். நான் சிரித்துக்கொண்டே ரசத்தை ஊற்றுவேன்.

அவள்தான் ஒரு நாள் அந்தச் செய்தியைக் கொண்டு வந்தாள். கேன்டீன் மேனேஜர் பக்கத்துக் கிராமங்களிலேயே நேராகக் காய் வாங்க ஆள் தேடுகிறாராம். அதற்குமேல் நான் சும்மா இருப்பேனா? எங்கள் காய் சென்னை வரை போய், கமிஷனைக் கொடுத்துவிட்டுத்தான் விலை போகிறது. ஒரகடமோ வாலாஜாபாத்தைத் தாண்டினால் வந்துவிடும். வேளைக்கு ஆயிரம் பேருக்கு மேல் சாப்பிடுகிற இடம். எங்கள் தெருவில் ஏழெட்டு வீடு சேர்ந்தால் தினமும் ஒரு சின்ன வண்டி நிறையக் கொடுத்துவிடலாம். இதையெல்லாம் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். உன்னையெல்லாம் கம்பெனி கேட்டுக்குள் விடுவார்களா என்று கிண்டல் செய்தார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

நான் கிளம்பியது ஒரு வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தின நாள் காலையில்தான் நிலத்தில் காய் பறித்தோம். மருந்து அடித்ததோ புதன்கிழமை சாயங்காலம். பறிக்க வந்தவள் செடியண்டை குனிந்ததுமே நிமிர்ந்து, "மருந்து வாசன இன்னும் போவலியே அக்கா" என்றாள்.

"நாமளா துன்னப் போறோம்? பறி" என்றேன்.

இப்படித்தான் சொன்னேன். ஒரு எழுத்துக்கூட மாற்றி எழுதவில்லை.

மூட்டையின் வாயைக் கட்ட நான் கயிறு வாங்குவதில்லை. பழைய புடவையைக் கிழித்து வைத்துக்கொண்டு அதில் ஒரு துண்டால் கட்டுவேன். கோயம்பேட்டில் எங்கள் மூட்டைக்கு அதுதான் அடையாளம். அப்போது கிழித்துக்கொண்டிருந்தது பச்சையில் மஞ்சள் பூ போட்ட புடவை. அன்று அந்தத் துண்டாலேயே கட்டி ஏற்றிவிட்டேன். மறுநாள் மேனேஜருக்குக் காட்ட ஒரு பை காயை வீட்டுப் பாத்தியில்தான் பறித்தேன். முதல் வியாபாரம், நல்ல காயாகப் போகட்டும் என்று நினைத்தேன். எது நல்ல காய் என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது, பாருங்கள்.

இரண்டு பஸ் மாறி நான் போய்ச் சேரும்போது சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது. பேர் எழுதிக்கொண்டு, தலைக்கு ஒரு வலைத் தொப்பியை மாட்டி உள்ளே விட்டார்கள். அவ்வளவு பெரிய சமையல்கட்டை நான் பார்த்ததே இல்லை. மேனேஜர் சென்னைக்காரர், தன்மையாகத்தான் பேசினார். என் பையில் இருந்து ஒரு காயை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காம்போரம் புழு போட்ட சின்ன ஓட்டை ஒன்று இருந்தது. அதில் விரலை வைத்துக் காட்டினார்.

"இது மாதிரி வந்தா கஷ்டம்மா. எங்களுக்கு வர்ற காயைப் பாருங்க, எப்படிப் பளபளன்னு இருக்குன்னு" என்று மூலையைக் காட்டினார்.

அங்கே கத்திரிக்காய் மூட்டைகள் அடுக்கியிருந்தன. ஒன்றைப் பிரித்துப் பாதிக்குமேல் எடுத்திருந்தார்கள். அதன் வாயோரம் தொங்கிக்கொண்டிருந்தது பச்சையில் மஞ்சள் பூ போட்ட என் புடவைத் துண்டு.

 முந்தின நாள் என் கையால் கட்டி அனுப்பிய மூட்டை, எங்கள் ஊரிலிருந்து கோயம்பேட்டுக்குப் போய், விலை பேசப்பட்டு, வேறொரு வண்டி ஏறி, எனக்கு முன்னால் இங்கே வந்து உட்கார்ந்திருந்தது. அடுப்பில் பெரிய அண்டாவில் கத்திரிக்காய்க் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துச் சாப்பாட்டு மணி அடித்தது. சமையல்கட்டின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கம்பெனி நீலச் சட்டை போட்ட பிள்ளைகள் தட்டும் கையுமாக வரிசையில் வந்து நின்றார்கள். ஆறாவதோ ஏழாவதோ என் மகள்.

நான் அப்போது செய்ததைத்தான் இன்று வரை என்னால் மறக்க முடியவில்லை. மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாயைத் திறந்தால் வியாபாரமும் போகும், மானமும் போகும். கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி, மகளின் கையைப் பிடித்து வரிசையை விட்டு வெளியே இழுத்தேன். குழம்பு ஊற்றிக்கொள்ளாதே என்று காதில் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். நேற்று நம் நிலத்தில் பறித்த காய் என்றேன். மருந்து அடித்தது என்றைக்கு என்று அவளுக்கும் தெரியும்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பி வரிசையைப் பார்த்தாள். அவள் விட்டு வந்த இடத்துக்கு அடுத்தவள் நகர்ந்து வந்திருந்தாள். வாசனை போகவில்லையே என்று என்னிடம் சொன்னாளே, அவளுடைய மகள். என்னைக் கண்டதும் சந்தோஷமாக, "இன்னா அத்தை, இம்மாந் தூரம்?" என்று கேட்டாள். கையில் வெறும் தட்டு.

"அப்ப இவங்கல்லாம்?" என்றாள் என் மகள்.

 அவள் கையை விட்டுவிட்டு உள்ளே போய் மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் மூட்டை, என் புடவை, புதன்கிழமை மருந்து, வியாழக்கிழமை பறிப்பு. அவர் முகம் வெளுத்துப்போனது. ஒரு வார்த்தை திட்டவில்லை. அண்டாவை இறக்கச் சொன்னார். அன்றைக்கு எல்லோருக்கும் ரசமும் மோரும்தான்.

அண்டா இறங்கியதும் பெரிய கண்டம் தாண்டிவிட்டது போல மூச்சு விட்டேன். இறக்கிய ஆள், கையில் பிடித்திருந்த கரித்துணியைக் கொண்டுபோய்ச் சுவரில் ஒரு ஆணியில் மாட்டினார். அப்போதுதான் அந்த ஆணியைப் பார்த்தேன். கரி படிந்தும் மஞ்சள் கறையோடும் பத்துப் பதினைந்து துண்டுகள் தொங்கின. எல்லாம் பச்சை, எல்லாவற்றிலும் மஞ்சள் பூ. அவற்றுக்கு அடியில், அந்தப் புடவைக்கு முன்னால் நான் கிழித்துத் தீர்த்த ஊதாப் புடவையின் துண்டுகள்.

இது எப்போதிலிருந்து வருகிறது என்று கேட்டேன்.  "இந்த மூட்டையா? நாலஞ்சு மாசமா வருது. துணி நல்ல பருத்தி, அண்டா புடிக்க வாகா கீது" என்றார் அவர்.

தினமும் கேன்டீனில் அதையேதான் தின்கிறோம் என்று என் மகள் சொன்னதும், நான் சிரித்ததும் அப்படியே நினைவுக்கு வந்தன. தட்டுக்குத் தட்டு அவளுக்கு நானே அனுப்பியிருக்கிறேன்.  

வியாபாரம் கிடைக்கவில்லை. கிடைக்கும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. மேனேஜர் என்னை வாசல் வரை கொண்டு வந்து விட்டு, சொன்னதற்கு நன்றிம்மா என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. மறுநாள் நிலத்துக்குப் பறிக்க வந்தவளிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் மகள் அதற்குள் எல்லாம் சொல்லியிருந்தாள். இவள் செடியண்டை போய் நின்று, "இன்னிக்கு இன்னா அக்கா, பறிக்கட்டா வேணாவா?" என்றாள். வேண்டாம் என்றேன். அந்த வாரம் முழுக்கக் காய் செடியிலேயே முற்றியது. என் வீட்டுக்காரர் வரப்பில் நின்று புலம்பினார், ஆனாலும் ஆளை விட்டுப் பறிக்கச் சொல்லவில்லை.

இப்போது எங்கள் நிலத்தில் தனிப் பாத்தி கிடையாது; மருந்து அடித்தால் ஒரு வாரம் விட்டுத்தான் பறிப்பு. மூட்டை கட்டும்போது மேலாக ஒரு கை அள்ளித்தான் எங்கள் வீட்டிலும் குழம்பு. காய் இன்னும் கோயம்பேட்டுக்குத்தான் போகிறது, அங்கிருந்து எங்கே போகிறது என்று எனக்கு இப்போதும் தெரியாது. ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று எத்தனையோ தடவை வாயால் சொல்லியிருக்கிறேன். அத்தனை பிள்ளைகள் தட்டோடு நின்ற வரிசையில் என் கை போய்ப் பிடித்தது ஒரே ஒரு கையைத்தான் என்பது, இன்றும் ஒவ்வொரு மூட்டையைக் கட்டும்போதும் என்னைக் கூச வைக்கிறது.