ஒரு விள்ளல்

உண்டியில் நாவடக்கம் அரிய அறம். ரொட்டி சுடுபவர் ஒருவர் அதனை ஐம்பது வயதில் பயின்றார். பத்துக் கிலோ எடை குறைந்தாலன்றி நோயுற்ற மகளுக்கு அவர் தம் சிறுநீரகம் ஒன்றை ஈய இயலாது என்றார் மருத்துவர். அன்றுமுதல் மாவுப்பண்டம் அனைத்தும் விலக்கி, முட்டையும் வெண்ணெயும் இறைச்சியுமே உண்டார். மூன்று வாரமாகியும் எடை இறங்கவில்லை.

"ரொட்டியத் தொடவே இல்லன்னீங்களே?" என்றாள் மனைவி.

"சத்தியமாத் திங்கல. ஒவ்வொரு ஈடும் வெந்துச்சான்னு ஒரு விள்ளல்..."

"ஒரு நாளைக்கு எத்தனை ஈடு?"

"இருபது."

"நல்லா இருக்கு உங்க டயட்டு! அங்க ஆஸ்பத்திரில பொண்ணு நாளை எண்ணிக்கிட்டுக் கிடக்கா."

மறுநாள் அவர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டார். விள்ளலை மனைவி மென்றாள்; அவள் முகம் பார்த்து அவர் அடுப்பைத் தணித்தார். அவ்வில்லத்தில் மூன்று உயிரும் நெடிது தழைக்க!