மூட்டையக்காவும் காணாமல் போன வீட்டுக்காரரும்

பழைய சர்வரிலிருந்து புதிய சர்வருக்கு டேட்டாபேஸ்களைக் குடிமாற்றுவதே பிழைப்பு என்பதால், ரத்த வங்கியில் எல்லோருக்கும் அவள் மூட்டையக்கா. பதினாறு வருடமாக ஒரே முறைதான். தகவல்களை வரி வரியாக எழுதி வெளியே எடுப்பாள், புது இடத்தில் மறுபடி ஏற்றுவாள். ஆறு மணி நேரம் பிடிக்கும். பொறுமை என்றால் அப்படியொரு பொறுமை!

அன்றைக்குப் பார்த்து மகளுக்கு நீச்சல் போட்டி. "அப்படியே தூக்கி வெச்சா என்ன குறைஞ்சிடப் போகுது?" என்று முணுமுணுத்தபடி, ஃபைல்களை அலாக்காகத் தூக்கிப் புது சர்வரில் வைத்துவிட்டாள். இரண்டிலும் ஆப்பரேட்டிங் சிஸ்டம் வேறு வேறு. ஆனாலும் சமர்த்தாக ஓடியது. கொடையாளர் எண்ணிக்கையும் அச்சுப் பிசகாமல் பொருந்தியது.

பையை மாட்டும்போது நர்ஸ் ஓடி வந்தாள்.

"அக்கா, பிரசவ வார்டுல ஒரு பொண்ணுக்கு ரத்தம் நிக்கல. ஏபி நெகட்டிவ் கேக்குறாங்க. நம்மகிட்ட ஸ்டாக் இல்ல, கொடையாளர் லிஸ்ட்ல தேடினா ஒருத்தர்கூட இல்லைன்னு வருது!"

"ஒருத்தர்கூடவா? என் வீட்டுக்காரரே ஏபி நெகட்டிவ்தானேம்மா! போன மாசம்தான் கொடுத்தார், இப்ப அவர்கிட்ட எடுக்க முடியாது. ஆனா லிஸ்ட்ல இருக்கணுமே!"

கணவரின் கொடையாளர் எண்ணை அடித்தாள். பெயர், முகவரி, எல்லாம் வந்தன. ரத்த வகையைப் போட்டுத் தேடினாள். ஆளைக் காணோம்.

சட்டென்று பொறி தட்டியது. பிளஸ், மைனஸ் குறிகளை எந்த வரிசையில் அடுக்குவது என்பதில் இரண்டு ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கும் இரண்டு வழக்கம். அவள் தூக்கி வந்த இன்டெக்ஸ், அதாவது யார் எங்கே இருக்கிறார் என்று காட்டும் தேடல் அட்டவணை, பழைய வரிசையில் இருந்தது. புது சர்வரோ தன் வரிசைப்படி வேறெங்கோ தேடிக்கொண்டிருந்தது. வழக்கம்போல ஏற்றியிருந்தால் தானாகவே புதிதாக அடுக்கியிருக்கும்.

"மடச்சி, மடச்சி!" என்று தலையில் அடித்துக்கொண்டு, இன்டெக்ஸைப் புதிதாகக் கட்ட உத்தரவு கொடுத்தாள். நான்கு நிமிடம், நாலு யுகம். பதினொரு பேர் திரைக்கு வந்தார்கள், ஐந்தாவதாக வீட்டுக்காரர். நர்ஸ் மளமளவென்று ஃபோன் போட்டாள். பக்கத்துத் தெருத் தையல்காரர், கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து கையை நீட்டினார்.

ஒரு மணி நேரம் கழித்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "பொண்ணு கண்ணத் திறந்துட்டா அக்கா."

மூட்டையக்கா கண்ணைத் துடைத்துக்கொள்ளும்போது கணவர் அழைத்தார். "எங்க இருக்க? உன் பொண்ணு ரெண்டாவதா வந்திருக்கா. உன்னத்தான் தேடுறா!"

"என் தங்கம்! அவகிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்றாள். இனி குறுக்கு வழியே வேண்டாமென்று, பழைய சர்வரில் முதல் வரியிலிருந்து எழுதி எடுக்கும் வேலையைத் தொடங்கியிருந்தாள். "அம்மா வர இன்னும் ஆறு மணி நேரம் ஆகும்னு."