வாய் மூடிய படங்கள்

மகிழ்ச்சியாக இருப்பவர் சிரித்துத்தான் ஆகவேண்டும் என்று உங்களுக்கு யார் சொன்னது?

ரைலி ஹுத்துனென் கத்தரிக்கோலும் மஞ்சள் ஒட்டுத்தாளுமாக உட்கார்ந்திருக்கிறார். புதிய படப்புத்தகம் எது வந்தாலும் முதலில் அதிலுள்ள வாய்களை மூடிவிடுவார். முயல், கரடி, தபால்காரர், யாரும் தப்ப முடியாது.

"பாவம், பசிச்சா அதுங்க என்ன பண்ணும்?" என்பார் பள்ளி நூலகர்.

"நீ வாயக் காட்டு, தாள் இன்னும் மிச்சமிருக்கு."

ஐம்பதைத் தாண்டியவர். சட்டைக் கையில் எப்போதும் பசை. பின்லாந்தின் கயானி ஊர்ப் பள்ளியில், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குப் படம் காட்டி உணர்ச்சிகளைக் கற்றுத்தருகிறார்.

சென்ற குளிர்காலம் வரை அவரும் எல்லோரையும் போலத்தான் சொல்லிக்கொடுத்தார்: வாய் மேலே வளைந்தால் மகிழ்ச்சி, நேராக இருந்தால் கோபம். எட்டு வயது சென்யா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டு ஊரைப் பார்த்தாள். பேருந்து நிறுத்தத்தில் ஒருவரைவிட்டு ஒருவர் விலகி, உதடு அசையாமல் நிற்கிற ஊர். ஓட்டுநர் கோபம். கடைக்காரம்மா கோபம். மரம் ஏற்றும் லாரி ஓட்டும் அப்பா தௌனோ, எல்லோரையும்விடக் கோபம்.

அவரோடு வண்டியில் ஏற மறுத்தாள். மடியில் உட்காருவதும் நின்றது. அந்த வீட்டில் இருப்பதே அவர்கள் இரண்டு பேர்தான்.

"அந்தப் புள்ளைக்கு உணர்ச்சியே புரியாது" என்றார் ஆசிரியர் அறையில் ஒருவர்.

ரைலி காப்பிக் கோப்பையை நங்கென்று வைத்தார். "அவ சரியாத்தான் படிச்சா. பாடம் தப்பு. சொல்லிக்குடுத்தது நான்."

தவறான வரைபடத்தைக் கையில் கொடுத்துவிட்டு, வழி தெரியாதவள் என்று பிள்ளையைப் பழிப்பது என்ன நியாயம்? இந்தப் பழியைச் சுமந்தே வளர்ந்தவர்கள் எத்தனை பேர்!

மறுநாள் ரைலி கேமராவோடு தௌனோவின் வீட்டுக்குப் போனார்.

"சந்தோஷமா இரு, தௌனோ."

"இருக்கேனே."

"எப்பலேருந்து?"

"நீ வந்ததுலேருந்து. காப்பிக்குக் கூட ஒரு ஆள் கெடச்சுதே."

"அது உன் மூஞ்சிக்குத் தெரியுமா?"

"அதுகிட்ட எதுக்குச் சொல்லணும்?"

ரைலி அவரை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார். மகளின் பேச்சு வந்தபோதெல்லாம் தௌனோவின் கை கம்பளித் தொப்பியைப் பின்னால் தள்ளியது. ரொட்டியைப் பிட்டால் பெரிய துண்டு எதிரே இருப்பவருக்குப் போனது. அத்தனையும் படமாயிற்று. கோபம் வந்தால் விறகு பிளக்கப் போய்விடுவாராம். அதையும் நடிக்கவைத்து எடுத்தார்.

அந்தப் படங்களை ஒட்டித் தைத்த புத்தகத்தைச் சென்யா நெடுநாள் புரட்டினாள். கடையில் வாங்கிய புத்தகங்களில் ரைலி வாய்களை மூடத் தொடங்கியதும் அப்போதுதான். வாய் தெரியாவிட்டால் பிள்ளைகள் தோளைப் பார்க்கிறார்கள், கையைப் பார்க்கிறார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பள்ளி வாசலில் பனியில் தௌனோ நின்றார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. தொப்பி மட்டும் பின்னால் பிடரிப் பக்கம் தள்ளியிருந்தது. சென்யா அதைப் பார்த்தாள்.

"கோபமில்ல," என்றாள் பக்கத்தில் நின்ற ரைலியிடம், அவர் பிழையைத் திருத்துகிறவள் போல. பிறகு போய், கையுறையைக் கழற்றிவிட்டு, வெறுங்கையை அப்பாவின் கோட்டுப் பைக்குள் விட்டாள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், கடைப் புத்தகத்துச் சிரிப்பை வாங்கிக் கொடுத்துவிட்டு ஓய்ந்துவிடாதீர்கள். உங்கள் முகத்தையும் கையையும் நீங்கள் நிற்கும் விதத்தையும் படமெடுத்து, இந்த வாரமே ஒரு புத்தகம் தைத்துக் கொடுங்கள்.